கண்ணாடி முகப்பு

அப்பா கார் விற்கத் தொடங்கியபோது அது வெறும் தகரக் கொட்டகை. அவர் கண்ணை மூடியதும் அண்ணன் அதை இடித்துவிட்டு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து ஷோரூம் கட்டினான். அதுவரை வருகிறவர்களிடம் வாயாரப் பேசி வண்டி விற்றுக்கொண்டிருந்த தங்கையை, பின்னால் ஜன்னல்கூட இல்லாத உதிரிபாக அறைக்கு அனுப்பினான். சில வருடம் கழித்து மாடி எழுப்பினான். அப்போது அந்த அறையும் போயிற்று.

"கல்யாணம் ஆனவளுக்குக் கடையில என்ன வேலை?" என்றான், வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும்.

அவள் வெளியேறினாள். ஊரின் மறுகோடியில் பழைய வண்டிகளை வாங்கி விற்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு தொழிலை வளர்த்தாள். இதற்குள் அண்ணன் அகலக்கால் வைத்துக் கவிழ்ந்தான். கட்டடம் ஏலத்துக்கு வந்தபோது வேறு யாரையும் கிட்டே நெருங்கவிடாமல் அவளே எடுத்தாள்.

சாவி கொடுக்க வந்த அண்ணனுக்குக் குரல் இறங்கியிருந்தது. "மாடியில என் ரூமை மட்டும் விட்டு வைம்மா. ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்."

"மாடியே இருக்காதுண்ணா. நாளைக்கு மொத்தமா இடிக்கிறாங்க. வந்து பாருங்க, நாற்காலி போடச் சொல்றேன்."

வருவான் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் வந்தான். தெருவுக்கு எதிர்ப்பக்கம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். முன்பக்கக் கண்ணாடி நொறுங்கி விழுந்ததும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"கையை எடுங்கண்ணா," என்றாள் மெதுவாக. "தூசி இவ்வளவு தூரம் வராது."