கதவைச் சாத்தாத பிரசவம்

ஆஸ்திரேலியாவில் டேரிட்டன் என்கிற ஊரில், பூர்வகுடிகள் குடியிருக்கிற ஆற்றை ஒட்டிய தெருவுக்குள் அரசாங்க நம்பர் போட்ட வெள்ளைக் கார் நுழைந்தால் நாய்கூடக் குரைக்காது. வாலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிடுங்கித் தூக்கிக்கொண்டு போன கார்கள் எல்லாம் அந்த நிறத்தில்தான் வந்தன. சட்டம் மாறிவிட்டது, ஆபீசின் பெயர் நாலு தடவை மாறிவிட்டது, வாசலில் வந்து நிற்கிறவர்கள் இப்போது சிரிக்கக்கூடச் செய்கிறார்கள். கார் மட்டும் அதே வெள்ளைதான். அதை மாற்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குக் காலையில் அப்படி ஒரு கார் தெருமுனையில் திரும்பியபோது, ப்ரென்டன் முன்வாசலில் நின்று ரிக்கியின் இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு விடிந்ததிலிருந்து வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நோரீன் அக்கா வரவேண்டும். பிள்ளை பெறப்போகிற கூரி என்கிற பூர்வகுடி ஜனங்களுக்குத் துணையாக இருப்பதுதான் நோரீனுடைய வேலை. அவளுடைய கார் பச்சை நிறம், ஒரு கதவு மட்டும் சிவப்பு. ஊருக்கே தெரியும். வந்தது அது இல்லை.

ப்ரென்டனை ஒரு வெள்ளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனபோது அவனுக்கு நாலு வயது. அப்புறம் யார் யார் வீட்டிலோ வளர்ந்தான், எத்தனை வீடு என்று எண்ணுவதையே விட்டுவிட்டான். ரிக்கி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவன் நெஞ்சில் ஒரே பயம்தான். அப்பா என்று ஒருத்தன் என்ன செய்வான் என்றே தெரியாத நான் எப்படி அப்பாவாக நிற்கப்போகிறேன்? நிற்கவேண்டிய நேரத்தில் ஓடிவிட்டால்?

நேரம் வந்தது, ஓடத்தான் செய்தான். ரிக்கியையும் இழுத்துக்கொண்டு ஓடினான்.

"எங்கடா இழுக்குற?"

"துணி துவைக்கிற ரூமுக்கு. சீக்கிரம் வா."

"எனக்குப் பிள்ளை வருதுடா. இப்பதான் உனக்குத் துணி துவைக்கணுமா?"

அவளை உள்ளே தள்ளித் தானும் நுழைந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

கொல்லையில் கங்காரு வாலைத் தணலில் புரட்டிக்கொண்டிருந்த டெல்மா அத்தை காரைப் பார்த்தாள். ரிக்கியை வளர்த்த அத்தை. கையில் இருந்த இடுக்கியோடு கேட்டுக்குப் போய் மறித்து நின்றாள்.

"இங்க யாரும் இல்ல. எல்லாரும் சிட்னி போயாச்சு."

"அத்தை, நான்தான். நோரீன்."

"நோரீன் கார் பச்சை. நீ நோரீன் மாதிரி பேசுற, அவ்வளவுதான்."

"கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டுப் பாருங்க."

"அதெல்லாம் எனக்கு நல்லாத் தெரியுது. எங்க வீட்டுக் கல்யாணத்துல கேக் மேல உக்காந்தவ யாரு, சொல்லு பாப்போம்."

"நான்தான் அத்தை. அத எப்பதான் மறப்பீங்க?"

அத்தைக்குச் சந்தேகம் பாதி தீர்ந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பெரிதாக ஒரு முனகல் கேட்டது. பழகின வாய், தானாகப் பொய் சொன்னது.

"அது நாய். அதுக்கு வயித்துவலி."

"யாரு நாய்?" என்று உள்ளேயிருந்து ரிக்கி கத்தினாள்.

நோரீனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு வெளியே உட்கார்ந்துகொண்டாள். அவள் வேலை செய்கிற விதமே அப்படி. பழைய கதையை யாரிடமும் தோண்டமாட்டாள். இத்தனை மாதமும் இவர்கள் இரண்டு பேரையும் பச்சைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆற்றோரமாக ஓட்டுவாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவேண்டாம், எல்லாருக்கும் எதிரே ரோடு இருக்கும். அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்: "அன்னிக்கு எதெல்லாம் நடக்கக்கூடாது? அத மட்டும் சொல்லுங்க." கேட்காமல் யாரும் தன்னைத் தொடக்கூடாது என்றாள் ரிக்கி. ப்ரென்டன் வெகுதூரம் பேசாமல் வந்துவிட்டுக் கடைசியில் சொன்னான்: "கதவைச் சாத்தக்கூடாது." ஏன் என்று நோரீன் கேட்கவில்லை. சரி என்று சொல்லி வண்டியைத் திருப்பினாள்.

அப்படிச் சொன்னவன் இப்போது தானே சாத்திய கதவுக்குப் பின்னால் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறான். ஜன்னல்கூட இல்லாத அறை.

"தம்பி, என் வண்டியில ரேடியேட்டர் போச்சு. ஆபீஸ்ல இதத்தான் குடுத்தாங்க. பிள்ளை வருதேங்கிற அவசரத்துல இத நீ பாத்தா என்ன ஆகும்னு நான் யோசிக்கல. தப்பு என்னுதுதான்."

"கதவைத் திறடா," என்றாள் ரிக்கி மெதுவாக. "உன் முகத்தப் பாக்க முடியல. என் வலியவிட உன் வலி பெருசா இருக்கு."

"அங்க போனா பிள்ளைய எடுத்துக்குவாங்க, அக்கா," என்றான் அவன் கதவைப் பார்த்து.

"எடுக்க வந்தா முன்னால நான் நிப்பேன். டெல்மா அத்தை இடுக்கியோட நிப்பாங்க. ஆனா ஒண்ணு, தம்பி. பிள்ளைக்கு அப்பா யாருன்னு கேட்டா நானும் அத்தையும் கை தூக்க முடியாது. அதுக்கு நீதான் இருக்கணும்."

தாழ்ப்பாள் விலகியது.

ரிக்கியும் ப்ரென்டனும் பின்சீட்டில் ஏறினார்கள். அத்தை இடுக்கியோடு முன்சீட்டில் ஏறினாள். வெள்ளைக் கார் தெருவைத் தாண்டியபோது அங்கங்கே வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது என்ன? அரசாங்கக் கார், உள்ளே ரிக்கி வாயைத் திறந்து கதறுகிறாள், பக்கத்தில் ப்ரென்டன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறான். வேறு என்ன நினைப்பார்கள்?

ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது நோரீன் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் நாலைந்து வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு துரத்தி வந்தன. முதல் வண்டியின் பின்புறத்தில் ரிக்கியின் அண்ணன்மார் நின்றுகொண்டு கையை ஆட்டினார்கள்.

"என்னத்துக்கு வர்றானுங்க?" என்றாள் அத்தை.

"நம்மள மீட்க வர்றாங்க," என்றான் ப்ரென்டன். அவனை ஏற்றிப்போன அந்தக் காருக்குப் பின்னால் அவனுடைய அம்மா ஒருத்திதான், அதுவும் வண்டி இல்லாமல், ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை பேரும் சண்டைக்குத் தயாராகக் குதித்தார்கள். "பிரசவம்டா, மடையனுங்களா," என்று அத்தை இடுக்கியை ஓங்கினாள். பிரசவம் என்றதும் அவர்கள் திரும்பிப் போகமாட்டோம் என்றார்கள். வந்தது வந்தாயிற்று என்று வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

கதவு விஷயத்தை நோரீன் முன்கூட்டியே பேசி வைத்திருந்தாள். அறைக் கதவு திறந்தே கிடந்தது. மானத்தை மறைக்க அத்தை வாசலில் ஒரு கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரசவம் பார்க்கிற அம்மாள் ஒவ்வொரு தடவையும் "இப்ப தொடட்டுமா?" என்று கேட்டுத்தான் தொட்டாள். கம்பளி கண்ணை மறைத்ததே தவிர, காதை மறைக்கவில்லை. வராந்தாவிலிருந்து அண்ணன்மார் "தள்ளு, தள்ளு" என்று குரல் கொடுத்தார்கள்.

"வண்டியாடா தள்றேன்? வாய மூடுங்க," என்று ரிக்கி பல்லைக் கடித்தாள். ப்ரென்டனின் கை அவள் பிடியில் நசுங்கியது. அவன் அதை உருவிக்கொள்ளவில்லை.

உச்சிவெயில் நேரத்தில் பெண் பிறந்தது. ரிக்கியின் மார்பில் போட்டார்கள். அழுக்கு மூட்டை மாதிரி இருந்த அந்தப் பிள்ளையைப் பார்த்து ப்ரென்டன் சிரித்தான், அழுதான், மறுபடி சிரித்தான். அவனுக்கே எது எதுவென்று தெரியவில்லை.

அப்போது கம்பளியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் தலையை நீட்டினாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"பிள்ளையோட அப்பா யாரு?"

அத்தையின் கை இடுக்கியைத் தேடியது. ப்ரென்டனின் கால் தன்னையறியாமல் ஜன்னல் பக்கம் திரும்பியது. ஜன்னல் திறந்துதான் இருந்தது, கீழ்த்தளம்தான். அவன் பிள்ளையைப் பார்த்தான். பிறகு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையை உயரத் தூக்கினான்.

"நான். நான்தான் அப்பா."

கையை அவன் இறக்கவில்லை.

"உங்களுக்கு டீயா, காபியா?" என்றாள் அந்தப் பெண். "அம்மாவுக்குச் சாப்பாடு வருது. அப்பாவுக்கும் ஏதாவது குடுக்கணும்ல."

முதலில் சிரித்தது ரிக்கி. அப்புறம் வராந்தாவே வெடித்துச் சிரித்தது. டீ என்று சொல்லிவிட்டுப் பார்த்தால் அவன் கை இன்னும் மேலேயே இருந்தது. "இறக்குடா, போதும்," என்றார்கள் அண்ணன்மார். அன்றைக்கு ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்வரை அவனைக் கண்டவர்கள் எல்லாம் கையைத் தூக்கி "நான்தான் அப்பா" என்று பழித்துக் காட்டினார்கள். அவனுக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பிள்ளையை ஆற்றங்கரைக்கு எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வழக்கப்படிப் புகை காட்டினார்கள். பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் பச்சை இலைகளைப் போட்டுக் கிளப்பிய புகைக்குள் ப்ரென்டனே பிள்ளையைச் சுமந்து நடந்தான். இந்த மண்ணுக்கு இவள் யார் என்று சொல்லியாயிற்று. பிறகு அவளை ரிக்கி பக்கத்தில் நிழலில் படுக்கவைத்துவிட்டு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரிக்கி கண்ணயர்ந்திருந்தாள். பிள்ளை வீல் என்று அலறியது.

மீனும் ரொட்டியுமாக இருந்த அத்தனை பேரும் ஒன்றாக எழுந்தார்கள். தட்டை வைக்கக்கூட இல்லாமல் ஓடிய ப்ரென்டன்தான் முதலில் போய்ச் சேர்ந்தான்.

"சும்மா சும்மா கத்துறா. இவளுக்கு ஊருபட்ட வாய்," என்றாள் டெல்மா அத்தை.

"கத்தட்டும் அத்தை," என்றான் அவன், பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே. "அழுதா ஆளு வரும்னு தெரிஞ்ச பிள்ளைதான் இப்படி அழும். எனக்கு முதல் வீட்டுலயே தெரிஞ்சுபோச்சு, யாரும் வரமாட்டாங்கன்னு. அதோட அழுறத விட்டுட்டேன்."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினாள். தட்டுவது நின்றுவிட்டதே என்று பிள்ளை இன்னொரு தடவை உரக்கக் கூப்பிட்டது.

"இருக்கேன்மா," என்றான் ப்ரென்டன். "இங்கதான் இருக்கேன்."