பதினோரு தடவை பார்த்த படம்

பொய் சொல்கிறவனை எனக்குப் பிடிக்காது. என்னைப் பொய்யன் என்று சொல்கிறவனை அதைவிடப் பிடிக்காது. சொன்னவன் தமீம் என்பதால்தான் மூன்று மாதமாக எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

தமீமும் நானும் சேலத்தில் பாலிடெக்னிக் படித்தவர்கள். ஹாஸ்டலில் ஒரே அறை. அங்கே டிவியில் 'நெடுவான்' படங்களைத் தமிழ் பேச வைத்துப் போடுவார்கள். வெளிநாட்டு விண்வெளிக் கதை, மொத்தம் மூன்று பாகம். அதில் வரும் கேப்டன் நேவாதான் எங்கள் இருவருக்கும் எல்லாம். எந்தக் கோளில் எந்த ஆபத்து வந்தாலும், தன் ஆட்கள் அத்தனை பேரும் கப்பலில் ஏறிய பிறகுதான் அவள் ஏறுவாள். "நான் கடைசியாக வருகிறேன்" என்பாள். மூன்று படத்திலும் அதற்குக் காரணம் சொல்லவே இல்லை. அந்தக் காரணம் என்னவாக இருக்கும் என்று பேசியே நாங்கள் இரண்டு பாடத்தில் அரியர் வைத்தோம்.

படிப்பு முடிந்து தமீம் சேலம் கடைவீதியில் அவன் அத்தாவின் பை கடையைப் பார்க்கப் போய்விட்டான். நான் திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ரிக் வண்டிக்கு மேனேஜர் ஆனேன். போர் போடுகிற வண்டி. வருடத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கரில் கிடப்போம், மழை பிடித்தால் ஊர் திரும்புவோம். ஆளுக்கொரு பக்கம் போனாலும் நேவாவை விடவில்லை. 'நெடுவான் சேலம் நாமக்கல் ரசிகர்கள்' என்று வாட்ஸ்அப் குழு ஒன்று ஆரம்பித்தோம். இரண்டு பேரில் தொடங்கி இருநூற்றுப் பதினான்கு பேராக வளர்ந்தது.

அப்புறம்தான் அந்த முன்கதைப் படம் வந்தது. 'நெடுவான்: தொடக்கம்'. நேவா கேப்டன் ஆவதற்கு முன்னால், பத்தொன்பது வயதில் அவளுக்கு நடந்தது. குழு இரண்டாக உடைந்தது. இருநூறு பேர் திட்டினார்கள், பத்துப் பேர் பாராட்டினார்கள், நாலு பேர் வழக்கம்போலக் காலை வணக்கம் போட்டார்கள். திட்டுகிற கட்சிக்குத் தமீம் தலைவன். பாராட்டுகிற கட்சிக்கு, கேட்க வேண்டியதே இல்லை, நான்.

கதை இதுதான். நேவாவின் ஊர் பூமிக்கடியில் இருக்கிற நகரம். ஒருநாள் மேலே விஷக்காற்று கிளம்புகிறது. நகரத்தின் பெரிய கதவு மூடிவிடுகிறது. அவள் தம்பி வெளியே மாட்டிக்கொள்கிறான். மூடிய கதவில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. சத்தீஸ்கரில் கொட்டகைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் நாங்கள் தேடிய காரணம் இதுதானே. தம்பிக்கு முன்னால் தான் உள்ளே வந்துவிட்டாள், அதனால்தான் வாழ்நாள் முழுக்கக் கடைசியாக ஏறுகிறாள். பதினோரு தடவை பார்த்தேன்.

தமீமோ குழுவில் எழுதினான்: "கதவை மூடினதே அவதான். நம்ம நேவாவை கொலைகாரி ஆக்கிட்டானுங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அவள் மூடியதாகப் படத்தில் எங்கே காட்டியிருக்கிறார்கள், நீயாகக் கற்பனை பண்ணாதே" என்று எழுதினேன். அவன் படத்திலிருந்து ஒரு காட்சியைப் புகைப்படமாக எடுத்துப் போட்டான். சிவப்புக் கைப்பிடி ஒன்றை நேவா இழுக்கிற மாதிரி இருந்தது. நான் பார்த்த படத்தில் அப்படி ஒன்று கிடையாது. இப்போதுதான் யார் வேண்டுமானாலும் எந்தப் படத்தையும் கம்ப்யூட்டரில் செய்துவிடலாமே. "வாதத்தில் ஜெயிக்க டூப்ளிகேட் போட்டோ தயார் பண்ணுகிற அளவுக்குப் போய்விட்டாயா" என்று கேட்டேன், அத்தனை பேர் முன்னால்.

"படத்தைப் பாத்தியா இல்லையா?" என்று கேட்டான்.

"பதினோரு தடவை."

"பொய் சொல்றான். இவன் படத்தையே பாக்கல" என்று எழுதிவிட்டு, நானும் சேர்ந்து ஆரம்பித்த குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டான்.

நானும் போன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. வீம்பில் நான் அவனுக்குக் குறைந்தவன் இல்லை. ஆனால் போர் போடும்போது ஐந்நூறு அடியில் தண்ணீர் பீய்ச்சினால் வீடியோ எடுத்து முதலில் அவனுக்குத்தான் அனுப்புவேன். இந்த மூன்று மாதத்தில் எடுத்த வீடியோ எல்லாம் போனிலேயே கிடந்தது. யாருக்கு அனுப்ப?

மழை பிடித்தது. எருமப்பட்டியில் வீட்டுக்கு வந்து நாலாவது நாள் அஃபீபா போன் செய்தாள். தமீமின் மனைவி. அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. இவரு கடையிலிருந்து வந்தா சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. என்னால பாக்க முடியல."

"அவன் கூப்புடட்டும், வாரேன்."

"அவரு கூப்பிட மாட்டாரு. அதான் நான் கூப்பிடுறேன்."

சமாதானம் பேசப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் பொய்யன் இல்லை என்று காட்டப் போனேன். படம் இருந்த மெமரி கார்டை டேப்லட்டில் போட்டு எடுத்துக்கொண்டேன். அவன் கண்ணெதிரே ஓட்டிக் காட்டிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்புவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

தமீம் கதவைத் திறந்தான். இளைத்திருந்தான். "வா" என்றான். அவ்வளவுதான். அஃபீபா சட்னி தடவிய தட்டுவடை செட் வாங்கி வைத்திருந்தாள். நான் தொடவில்லை.

"படத்தப் பாக்கலீன்னு சொன்னீல்ல. இப்பப் பாரு" என்று டேப்லட்டை மேசைமேல் வைத்தேன்.

"நீ டூப்ளிகேட்டுன்னு சொன்னீல்ல. நீ பாரு."

விஷக்காற்று கிளம்பும் இடத்துக்குச் சரியாகக் கொண்டுபோய் ஓடவிட்டேன். ஊர் ஜனம் ஓடி வருகிறது. நேவா ஓடி வருகிறாள். பின்னால் தம்பி. திரை ஒரு நொடி கறுத்தது. அடுத்தது, மூடிய கதவில் சாய்ந்து நேவா.

"ஏன்டா ஓட்டிவிட்ட?" என்றான் தமீம்.

"நான் எங்க ஓட்டுனேன்? கை ரெண்டும் இங்கதான இருக்குது."

"மறுபடி போடு."

போட்டேன். தம்பி ஓடி வருகிறான், கறுப்பு, மூடிய கதவு. தமீம் டேப்லட்டைப் பிடுங்கி அவனே முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் இப்போது வேறு என்னவோ வந்தது.

"அந்த சீன் இல்லடா இதுல."

"எந்த சீனு?"

அஃபீபா குனிந்து திரையின் கீழே பார்த்தாள். கணக்கு டீச்சர் அல்லவா. "ஏங்க, நீங்க தியேட்டர்ல பாத்தப்ப எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

"ரெண்டே முக்கால் மணி நேரம். உக்காந்து இடுப்பு போச்சு."

"இதுல ஒன்னே முக்கால்னு இருக்கு."

பிறகு அவள் என்னைப் பார்த்து, "அண்ணே, இந்த கார்டு எங்க வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

வேறு எங்கே வாங்குவது? நாமக்கல்லில் லாரி பட்டறைகளுக்கு நடுவில் சென்றாயனின் சின்ன மொபைல் கடை. வண்டிக்குப் போகிறவர்கள் எல்லாரும் புறப்படும் முன்னால் அவனிடம் கார்டைக் கொடுப்பார்கள். எட்டு மாதத்துக்குத் தேவையான படங்களை ஏற்றிக் கொடுப்பான். வண்டியை நிறுத்துகிற காட்டில் மெசேஜ் போகிற அளவுக்குத்தான் சிக்னல் இருக்கும், படம் பார்க்கக் கார்டுதான் துணை. இந்தப் படத்தை லீவு முடிந்து வந்த டிரைவரிடம் கொடுத்துவிட்டிருந்தான். அங்கேயே போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சொல்லுங்ணா."

"சென்றாயா, நெடுவான் படத்துல ஏதாச்சும் வெட்டுனியா?"

"ஆமாங்ணா. வண்டிக்குப் போறதுன்னா வெட்டித்தானுங்க குடுப்பேன்." ஏதோ டீக்கு சர்க்கரை போட்டதைச் சொல்கிற மாதிரி சொன்னான். "பாட்டு எடுத்துருவனுங்க. சும்மா பேசிட்டே இருக்கறது எடுத்துருவனுங்க. அழுவாச்சி சீனு அத்தனையும் எடுத்துருவனுங்க."

"அழுவாச்சி சீன எதுக்குடா எடுக்கற?"

"ஊட்ட உட்டுப்போட்டு எட்டு மாசம் போறவங்களுக்கு அது எதுக்குங்ணா? ஒருக்கா ஒரு டிரைவரு, படத்துல புள்ள சாவறதப் பாத்துப்போட்டு லோடோட வண்டிய நாக்பூர்ல நிறுத்திட்டு ரயிலேறி ஊட்டுக்கு வந்துட்டாருங்க. ஓனரு என்னையப் புடிச்சு ஏசுனாரு. அதுலருந்து யாரையும் சாவ உடறதில்லீங்க நான்."

போனை வைத்தேன். எட்டு வருடமாக நான் வண்டியில் பார்த்த படங்களை மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு அம்மாவும் சாகவில்லை. ஒரு குழந்தைக்கும் காய்ச்சல்கூட வரவில்லை. இப்போதெல்லாம் நல்ல படங்களாக எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சிரித்தது அஃபீபா. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. தமீம் மட்டும் சிரிக்கவில்லை. சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"சித்து, நீ பொய் சொல்லலை" என்றான்.

"நீயும் டூப்ளிகேட்டு போடலை."

"மூணு மாசமாடா. நம்ம சித்து என் மூஞ்சிக்கு நேரா பொய் சொல்ற ஆளா ஆயிட்டானேன்னுதான் நெனைச்சிட்டிருந்தேன். படம் போனா போவுது. அதுதான் தாங்கல."

அவனும் சோறு இறங்காமல்தான் இருந்திருக்கிறான். மூன்று மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் தட்டுவடையை எடுத்துக் கடித்தேன். காரச் சட்னி கண்ணில் தண்ணீர் வரவைத்தது. நல்ல சாக்கு.

"முழுப்படமும் இப்ப டிவியிலயே இருக்கு. போடட்டுமா?" என்றாள் அஃபீபா.

ரெண்டே முக்கால் மணி நேரமும் பார்த்தோம். பாதிப் படம் இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த இடம் வந்தது. நேவா உள்ளே வந்துவிடுகிறாள். அவளுக்குப் பின்னால் நகரத்தில் ஆயிரக்கணக்கான ஜனம். வெளியே தம்பி ஓடி வருகிறான், இன்னும் நூறடி. காற்று அவனை முந்திக்கொண்டு கதவை நோக்கி வருகிறது. அவன் அக்காவைப் பார்த்துக்கொண்டே ஓடி வருகிறான். அவள் சிவப்புக் கைப்பிடியை இழுக்கிறாள்.

ஒவ்வொரு தடவை வண்டிக்குக் கிளம்பும்போதும் என் மகள் நிலா வாசலில் நிற்பாள். நான்தான் கேட்டைச் சாத்துவேன். திரும்பிப் பார்த்தால் போக முடியாது என்பதால் பார்க்க மாட்டேன். போனால்தான் வீடு நடக்கும். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. எட்டு வருடம் அழாத ஆள், தமீம் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அழுதேன். சென்றாயன் கெட்டிக்காரன்தான்.

அஃபீபா டிவியை அணைத்தாள். "இப்ப சொல்லுங்க" என்றாள்.

"மூடுனதுதான் சரி" என்றேன். "அவளே மூடுனதாலதான் கடைசியா ஏறுறா. தமீமு, இது இல்லீன்னா படமே இல்ல."

தமீம் என் டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். "அட போடா. உன் சென்றாயன் வெட்டுனதுதான் படம். அவ மூடுனாளா, தானா மூடுச்சான்னு தெரியாம உக்காந்திருக்கா பாரு, அதுதான் நேவா. நீ எழுதினதெல்லாம் சரிதான். நான்தான் புரிஞ்சுக்கல."

"நான் எழுதுனது தப்புடா."

"சரிடா."

"தப்புங்கறேன்."

"ரெண்டு பேரும் கட்சி மாறிட்டீங்க" என்றாள் அஃபீபா. எழுந்து டீ போடப் போனாள். அவள் இரண்டாவது டீயும் போட்டுக் கொடுத்த பிறகுதான் கிளம்பினேன்.

நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மல்லூர் தாண்டும்போது போன் அதிர்ந்தது. தமீம் என்னைக் குழுவில் மறுபடி சேர்த்திருந்தான். கீழே எழுதியிருந்தான்: "சித்தார்த் பொய் சொல்லல. அவன் பாத்தது வேற படம். பொய்யன்னு சொன்னது என் தப்பு. இருநூறு பேர் முன்னாடி சொன்னேன், அதனால இருநூறு பேர் முன்னாடியே மன்னிப்பு கேக்குறேன்."

அதை நாலு தடவை படித்தேன். பிறகு, மூன்று மாதமாகப் போனில் கிடந்த தண்ணீர் வீடியோக்களை ஒவ்வொன்றாக அவனுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். பதினேழு இருந்தன. எல்லாவற்றுக்கும் அவன் கட்டைவிரல் போட்டுக்கொண்டே வந்தான்.

ராசிபுரம் நெருங்கும்போது, மூடினதுதான் சரி என்று குழுவில் நீளமாக ஒரு விளக்கம் எழுதிப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தமீமின் பதில் வந்துவிட்டது.

"படத்தைப் பாத்தியா இல்லையா?"

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

"பாத்தேன்" என்று எழுதினேன். "ஒரே ஒரு தடவை. உங்கூட."