டெசிபெல்லுக்குள் ஒருவர்

மகேந்திரனுக்குக் காது நன்றாகவே கேட்டது. அது அவருக்குத் தெரியும். மனைவி குமுதாவுக்குத்தான் தெரியாது.

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு ஸ்டோர் வேலை. ஸ்டோருக்கும் இயந்திரக் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அந்த இரைச்சலில் இத்தனை வருஷம் நின்ற மனுஷனுக்குக் காது மந்தமாகித்தான் இருக்கும் என்று குமுதா முடிவு கட்டியிருந்தாள். அப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள் என்றும் சொல்லலாம். மகள் மாதுமை வேலை கிடைத்து ஜொகூருக்குப் போனபிறகு வீட்டில் இருவர்தான். அதில் ஒருவர் புத்தகத்தைப் பிரித்தால் வாயை மூடிவிடுவார்.

போன மாதம் ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்: "இனிமே நாம எதுக்குங்க ஒண்ணா இருக்கோம்?"

சண்டைக் குரல் இல்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுந்தது. பதில் தேடினார், அகப்படவில்லை. பதிலில்லாமல் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார்.

மறுநாள் காலை அவள் அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"காது டெஸ்ட்டுக்கு அப்பாய்ன்ட்மென்ட் போட்டுட்டேன். காது கேக்காமத்தான் பேசாம இருந்தீங்கன்னா ஒரு மிஷினு வாங்கி மாட்டிக்கலாம். நான் எல்லாத்தையும் மறந்துடறேன். காது நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்க வையுங்க, நான் பீடோருக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். சீரியஸ் லா, வெளையாட்டு இல்ல."

நாள் கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று; அன்று அவர்தான் காரை ஓட்டினார்.

ஈப்போ டவுனில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது அந்த இடம். ரஜிதா என்ற இளம்பெண் காது பரிசோதிக்கிறாள். அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய, கண்ணாடிச் சன்னல் வைத்த, சத்தம் புகாத ஓர் அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

"எவ்வளவு மெல்லிசாக் கேட்டாலும் அமுக்குங்க அங்கிள். கேட்ட மாதிரி இருந்தாலே போதும்."

"பட்டன் அமுக்கறதுக்கும் அவரு யோசிப்பாரு," என்றாள் குமுதா. "நீ மத்தியானச் சோத்தத் தப்பாவ் பொட்டலமாக் கட்டி வாங்கி வச்சுக்கம்மா."

கதவு மூடியது. அடேயப்பா, என்ன அமைதி! வாழ்நாள் முழுக்க இப்படி ஒன்றுக்குத்தான் அவர் ஏங்கியிருக்கிறார். எதிர்ச் சுவரில் ஒரு விளக்கப் படம் ஒட்டியிருந்தது. குறுக்கே ஹெர்ட்ஸ், நெடுக்கே டெசிபெல். இரண்டு பேரையும் அவருக்குத் தெரியும்.

தொழிற்சாலைக் கதவில் இரைச்சலின் அளவைப் போட்டு ஒரு மஞ்சள் பலகை உண்டு. டெசிபெல்லைச் சுருக்கி எழுதிய இரண்டு ஆங்கில எழுத்தில் இரண்டாவது மட்டும் ஏன் பெரிய எழுத்து என்று ஒருநாள் அவருக்குச் சந்தேகம் வந்தது. நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடிப் படித்தார். அது ஓர் ஆளின் பெயர். டெலிபோன் கண்ட பெல். அளவாக மாறும்போது பெயரில் ஓர் எழுத்து உதிர்ந்து, பிறகு பத்தில் ஒரு பங்காகவும் குறுகிவிட்டார். அதன்பின் ஸ்டோருக்குள் எங்கு திரும்பினாலும் ஆட்கள். பல்பு டப்பாவில் வாட், ரசாயன டிரம்மில் செல்சியஸ், பம்பு முள்ளுக்குப் பின்னால் பாஸ்கல். ஒரு வாரம் சந்தைக்குள் நடப்பதுபோல நடந்தார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காதில் மெல்லிய ஊசிபோல ஒரு சத்தம். கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. அவர் அமுக்கவில்லை.

இரண்டாவது சத்தம், கொஞ்சம் பலமாக. அதற்கும் அமுக்கவில்லை. இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். காதில் ஒரு மிஷின், குமுதாவின் மன்னிப்பு, கேள்வி கேட்பாரில்லாத வாசிப்பு. மூன்றாவதும் வந்து போனது.

அப்போதுதான் கண்ணாடி வழியே குமுதாவைப் பார்த்தார். ரஜிதாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கைகள் பறந்தன. உதடு ஓயவில்லை. என்ன சொல்கிறாள்? உற்றுப் பார்த்தார். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தா, அழுதா? அதுவும் தெரியவில்லை.

பெல்லின் மனைவிக்குச் சின்ன வயதிலேயே காது போய்விட்டது என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. கணவரின் உதட்டைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரியும். படித்துவிட்டுச் சாதாரணமாகக் கடந்துபோன வரி. இப்போது திரும்ப நினைவுக்கு வந்தது. வீட்டில் அவர் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்ததில் எல்லாம் அடுப்படியிலிருந்து இவள் குரல் வந்துகொண்டுதான் இருந்தது. அது இல்லாத அமைதி இதுதான்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைத் தட்டினார். ரஜிதா கதவைத் திறந்தாள்.

"என்ன அங்கிள், ஒண்ணுமே கேக்கலையா?"

"எல்லாம் கேட்டுச்சும்மா. நான்தான் அமுக்கல. மொதல்லேர்ந்து போடு."

ஸ்டூலில் குமுதா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் முறை எதையும் விடாமல் அமுக்கினார். முடிந்ததும் ரஜிதா திரையில் வந்த கோட்டைக் காட்டினாள். "நாலாயிரம் ஹெர்ட்ஸ்கிட்ட மட்டும் சின்னப் பள்ளம். ஃபேக்டரிச் சத்தத்துல வந்தது. இனிமே வேலையில காத மூடிக்குங்க. மத்தபடி பேச்செல்லாம் தெளிவாக் கேக்கும். மிஷினே வேணாம் ஆண்டி. நல்ல காது."

"நல்ல காது," என்று திருப்பிச் சொன்ன குமுதா கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

காரில் ஏறியதும் கைப்பேசியை எடுத்து ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த அண்ணன் உடையப்பனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகேந்திரன் வண்டியைக் கிளப்பவில்லை. இருக்கையிலேயே உடம்பைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"டெசிபெல்லுங்கறது ஒரு ஆளு பேரு."

"என்னது?"

"பெல். டெலிபோன் கண்டுபிடிச்சவரு. அவரு சம்சாரத்துக்குக் காது கேக்காது."

"இப்ப யாரு அதக் கேட்டா?"

"அதனால பேசறப்பல்லாம் அவங்க பக்கம் திரும்பித்தான் பேசணும். உள்ள ஒக்காந்திருந்தப்ப நீ பேசுனதப் பாத்தேன். ஒண்ணும் கேக்கல. பயந்துட்டேன் குமுதா." மூச்சு வாங்கியது. "அன்னிக்கு எதுக்கு ஒண்ணா இருக்கோம்னு கேட்டியே. காதுல விழுந்துச்சு. பதில் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்பவும் முழுசாத் தெரியல. ஆனா நீ பேசாத வீட்ல என்னால ஒரு பக்கங்கூடப் படிக்க முடியாது."

"அப்ப நான் ஒங்களுக்கு ரேடியோ."

"ரேடியோன்னா அது ஹெர்ட்ஸ், அந்த அலையக் கண்டுபிடிச்சவரு," வாய் தவறி வந்துவிட்டது.

அவள் முறைத்தாள். முறைப்பு நிற்கவில்லை. உதட்டோரம் துடித்து, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து உடையப்பன் போனை எடுத்தார். "ஹலோ, குமுதா? எந்த பஸ்ஸுல வாரே?"

"இல்லண்ணே, சும்மாத்தான் கூப்ட்டேன். இந்த வாரம் வரல. அடுத்த வாரம் எப்படின்னு அப்பறம் சொல்றேன்." வைத்துவிட்டு மகேந்திரனிடம் சொன்னாள்: "ஒங்க பேர்லயும் ஒரு அளவு வைக்கணும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல ஒரு மாசம் ஆச்சுன்னா, அது ஒரு மகேந்திரன்."

"வைக்கலாம்."

"ஆமா, யாரு அந்த ஹெர்ட்ஸு? அந்தாளுக்காவது கல்யாணம் காட்சி உண்டா?"

"ஆச்சு. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. முப்பத்தாறு வயசுலயே போயிட்டாரு."

"ஐயோ பாவம். அந்தம்மா ரெண்டையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணுச்சாம்?"

அது அவர் படித்த புத்தகத்தில் இல்லை. "தெரியல," என்றார், அவள் முகத்தைப் பார்த்தபடியே.

"தெரியலன்னா தேடுங்க, நானும் கேக்கறேன். மொதல்ல வண்டிய எடுங்க லா, பார்க்கிங்குக்காகப் பின்னால ஒருத்தன் ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருக்கான்."