கேழ்வரகு மாவு உதிர்த்த நாவல்கள்

1954 சித்திரையிலிருந்து மத்திகிரி வித்வான் நாராயணப்பனின் மொழிபெயர்ப்பு நாவல்களில் கேழ்வரகு மாவு உதிர்ந்தது. பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. கல்யாணக் காட்சி என்றால் ஒன்றரை. கன்னடத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவர ஓசூர் வட்டாரத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவருடைய அபிப்பிராயம். அடுத்தவர் மொழிபெயர்ப்பு மதிப்புரைக்கு வந்தால், "மூலத்தின் மணம் இல்லை" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார். இந்த மகானுக்குச் சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் கன்னடம். ஓர் எழுத்துகூடப் படிக்க வராது.

படித்தவள் அவர் மனைவி வெங்கடம்மாள். கன்னடப் பள்ளியில் எட்டாவது வரை போனவள். தினமும் காலையில் மடியில் நாவலை விரித்து, ஒரு கையால் ராகி அரைக்கும் கல்லைச் சுழற்றிக்கொண்டே தமிழில் சொல்வாள். அவர் எதிரே நாற்காலி போட்டு எழுதுவார். கல் நின்றால் வாக்கியமும் நின்றுவிடும். முதல் நாவல் அச்சுக்குப் போகும்போது, "எம் பேரையும் ஒரு ஓரத்துல போடுங்களேன்" என்று கேட்டாள்.

"மாவு அரைக்கிறவளுக்கு அட்டையில பேரா? ஊரே சிரிக்கும்" என்றார் வித்வான். அவளுக்கு அது ஆறவே இல்லை. அந்தப் புத்தகம் வந்த அன்றுதான் மாவு உதிர ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுக் கெம்பம்மா முறத்தோடு வந்து நிற்பாள். "ஐயா, அந்த ரெண்டாவது நாவலக் கொஞ்சம் குடுங்க. களிக்கு மாவு பத்தல." வாசகர் ஆதரவு பெருகுகிறது என்று வித்வான் பூரித்துப்போவார்.

1956இல் கிருஷ்ணகிரியில் அவருக்கு 'மொழிபெயர்ப்புச் செம்மல்' பட்டம் கொடுத்தார்கள். தெருவே பஸ் ஏறிப் போயிருந்தது. விழாத் தலைவர் ராஜப்பன் பொன்னாடை போர்த்திவிட்டு நாவலைத் திறந்தார், மேடையெல்லாம் மாவு. முன்வரிசைக் கெம்பம்மா எழுந்துபோய் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தாள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மாவைத் தொட்டால் அரைத்த கை தெரியும். அதற்கு அப்பீல் கிடையாது.

"இது வெங்கடம்மா கைங்க. ஐயா கல்லத் தொட்டதே இல்ல. கதையச் சொன்னதும் அவதான், எங்க தெருவுக்கே தெரியும்."

தலைவர் சந்தேகம் தீர, கன்னட மூலத்தை நீட்டி ஒரு வரி படிக்கச் சொன்னார். செம்மலுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து வெங்கடம்மாள் மேடைக்கு வந்தாள். அவர் கையில் தலைகீழாக இருந்த புத்தகத்தை நேராக்கி, ஒரு பக்கம் முழுக்கக் கணீரென்று படித்து, உடனே தமிழிலும் சொன்னாள். கல் இல்லாமலே வாக்கியம் வந்தது. சபை கைதட்டியது.

"இனிமே அட்டையில எம் பேரு. கல்ல நீங்க சுத்துங்க" என்றாள். அத்தனை பேர் முன்னால் அவர் தலையாட்டாமல் என்ன செய்வார், பாவம்!

அடுத்த வருஷம் வந்த நாவலின் அட்டையில் வெங்கடம்மாள் பெயர் மட்டும் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அவளே எழுதியது. கெம்பம்மா பிரித்து, உதிர்ந்ததை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"கதை நல்லாத்தான் இருக்கும். மாவு ஐயா அரைச்சது, ஒரே கொரகொரப்பு" என்று சொல்லிவிட்டுச் சல்லடை எடுத்துவரப் போனாள்.