கடைசிச் சண்டையில் தூங்கியவர்கள்

'காந்தன்' முதல் பாகம் ஓடோ ஓடென்று ஓடியதால், இரண்டாம் பாகத்தில் எல்லாமே இரண்டு மடங்கு: கட்டடங்கள், வில்லன்கள், டைரக்டரின் குரல். எடிட்டர் மட்டும் பழைய இருட்டறையில், கிரீச்சிடும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இரும்பையெல்லாம் தன் பக்கம் இழுக்கும் வீரனின் கதை அது. அடிபட்டு வீடு திரும்பும் காந்தனின் முதுகில் சமையலறைக் கரண்டிகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவன் மனைவி அவற்றைப் பிய்த்தெடுத்துக்கொண்டே திட்டுவாள். எடிட்டருக்கு உயிர் அந்தக் காட்சிதான். தலைவலி, கடைசிச் சண்டை. அரை மணி நேரம். இடிந்த கட்டடமே மறுபடியும் இடிந்தது.

"தம்பி, சண்டையைப் பாதியா குறைச்சா நல்லாயிருக்கும்," என்றாள்.

"வெட்டணும்னா கரண்டி சீனை வெட்டுங்கக்கா," என்றார் டைரக்டர். "காந்தன் பறக்கிறதைப் பாக்கத்தான் ஜனம் வருது. முதுகு சொறியிறதைப் பாக்கவா வருது?"

தயாரிப்பாளர், டைரக்டரின் கூடப்பிறந்த அக்காவின் கணவர். மச்சினனிடம் நேரடியாக மோதினால் வீட்டில் சோறு ஆறிவிடும் என்று தெரிந்தவர். "குடும்பத்துக்குப் போட்டுக் காட்டுவோம். அவங்க தீர்ப்புதான் முடிவு," என்று நழுவினார். டைரக்டருக்குக் கொள்ளை மகிழ்ச்சி. பார்க்கப்போவது பெற்ற தாயல்லவா?

சின்னத் திரையரங்கு. கரண்டி சீனில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்திலிருந்த மகளை இடித்து, "உன் புருஷன் காய்ச்சல்ல படுத்தப்ப நீயும் இப்படித்தானே கத்தின?" என்றார்.

கடைசிச் சண்டை தொடங்கியது. முதல் கட்டடம் சாய்ந்தபோது அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மூன்றாவது சாயும்போது அவர் தலையும் மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்தது. மாமியார் தலை தோளில் இருக்கையில் மாப்பிள்ளை அசையலாமா? திரையில் பூமியே பிளந்தது, தயாரிப்பாளர் அசையவில்லை.

விளக்கு எரிந்தது. "அம்மா, தூங்கிட்டீங்களா?" என்றார் டைரக்டர்.

"தூங்குவேனா? கண்ணை மூடிட்டுக் கேட்டுட்டிருந்தேன்."

"அப்ப வில்லன் கடைசில என்ன ஆனான்?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அவங்கம்மா வந்து கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

டைரக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் காலை விறுவிறுவென்று எடிட்டரின் அறைக்கு வந்தார். "அம்மா மாத்திரை போடுறாங்க, அதான் அசந்துட்டாங்க. மத்தபடி அந்தச் சண்டையில எவனாலயும் தூங்க முடியாது. ஓட்டுங்க. எங்க சலிப்புத் தட்டுதோ, நானே சொல்றேன்."

எடிட்டர் ஓட்டினாள். இரண்டு கட்டடங்கள் விழுந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவதும் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். டைரக்டர் வாயைப் பிளந்து, தலையைப் பின்னால் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

படம் பிடித்து வைக்கலாமா என்று ஃபோனை எடுத்தாள். அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டையில் பொத்தான் மாறியிருந்தது. பாவமாகிவிட்டது. ஃபோனை வைத்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, இரண்டாம் முறை இடியும் கட்டடத்தில் கை வைத்தாள். அதோடு நிற்கவும் இல்லை.

அவர் திடுக்கிட்டு விழித்தபோது சண்டை சரிபாதியாகியிருந்தது.

"கொஞ்சம் கண்ணசந்துட்டேன் போல. முதல்லேருந்து போடுங்க."

போட்டாள். இம்முறை அவர் இருக்கை நுனிக்கு வந்துவிட்டார். நகத்தைக் கடித்தார். முடிந்ததும் தொடையில் தட்டினார்.

"பாத்தீங்களாக்கா? பறக்குது. இதுல போய் எதை வெட்டச் சொல்றீங்க?"

எடிட்டருக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. "நீங்க சொன்னா சரி தம்பி. இனி ஒரு ஃபிரேமைக்கூடத் தொடமாட்டேன்."

மதியமே தயாரிப்பாளரிடம் நடந்ததை ஒப்பித்தாள். "மூச்சு விடாதீங்கம்மா," என்றார் அவர்.

படம் வெளியானது. நன்றாகவே ஓடியது. முதல் விமர்சனத்தோடு டைரக்டர் அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தார்.

"பலம், கரண்டி காட்சியாம். சரி, போகட்டும். பலவீனம், கடைசிச் சண்டை கொஞ்சம் நீளமாம். ஏங்க்கா, அனுபவம் உள்ளவங்க நீங்க, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

எடிட்டர் வாயைத் திறந்தாள். தயாரிப்பாளர் அவசரமாக ஒரு டம்ளர் தண்ணீரை அவள் கையில் திணித்தார்.