ஒன்பதாவது எண்

லாரிக்கு பாடி கட்டி முடிந்தது காலை பத்து மணிக்கு. பகல் ஒன்றேமுக்காலுக்குத் தம்பி சுத்தியலோடு அதன் அடியில் கிடந்தான். இடையில் நடந்தது ஒன்றுதான். அக்கா படிவத்தை வாசித்தாள்.

லாரி அவர்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. பழைய இரும்புக் கிடங்கில் முள்ளுக்குள் கிடந்ததை அக்கா மீட்டுக்கொண்டு வந்து நாலு வருடம் ஆகிறது. பன்னிரண்டு வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டியவள். தனக்கென்று இருப்பது இது ஒன்று. கடைசி நட்டு வரை கழற்றி, கழுவி, திரும்ப மாட்டினாள். என்ஜின் அவள் பொறுப்பு. பாடி தம்பி பொறுப்பு, அவன் வெல்டர்.

கடையில் கிடைக்கிற எந்த பாடியும் அந்தக் காலத்து அடிச்சட்டமான சேஸில் உட்காராது. எனவே அவனே அளவெடுத்தான், இரும்புச் சட்டம் கட்டினான், மேலே பலகை பதித்தான். பக்கச் சுவர் கிடையாது. தட்டையான பாடி. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு நாணயம் நுழையும் இடைவெளி, எங்கே அளந்தாலும் அதே இடைவெளி.

பழைய வண்டிகளுக்கு அரசாங்கம் கெடு வைத்திருந்தது. சோதனையில் தேறினால் சாலைக்கு. தேறாவிட்டால் நசுக்கும் ஆலைக்கு. அக்கா இரண்டு தடவை நடையாய் நடந்து கெடுவை நீட்டி வாங்கியிருந்தாள். மூன்றாவது நீட்டிப்பு இல்லை. இன்று மூன்று மணிக்கு அதிகாரி வருகிறார்.

"ஏண்டா, சேஸ் நம்பர் எங்க இருக்கு?" என்று கேட்டாள் அக்கா, படிவத்திலிருந்து தலை தூக்காமல். "வலது பக்கம், பின் சக்கரத்துக்குப் பின்னாலன்னு போட்டிருக்கு. அதை நேர்ல பார்த்துத்தான் எழுதுவாராம்."

"இருக்கும்க்கா."

"இருக்கும்னா? பார்த்து வை."

அவன் வண்டிக்கடியில் நுழைந்தான். அந்த இடத்தில் பாடியைத் தாங்கும் தகடு இருந்தது. நாலு போல்ட்டைக் கழற்றினால் தகடு வந்துவிடும். தகடு பிரச்சினை இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அங்கே விரல் தடிமனுக்குத் துரு ஏறியிருந்தது. வேறு ஒருவன் என்றால் கம்பி பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்துவிட்டுப் போயிருப்பான். இவனுக்கு அது போதாது. தகடு இம்மி பிசகாமல் உட்கார வேண்டும் என்று கிரைண்டரைப் போட்டு இழைத்தான். அக்காவைக் கூப்பிட்டு, "முகம் பார்க்கலாம்க்கா" என்று காட்டினான். அவளும் குனிந்து பார்த்து, "தலையே வாரிக்கலாம் போலிருக்கே" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

போல்ட்டுகளைக் கழற்றினான். தகட்டை இறக்கினான். பளபளவென்று இரும்பு. விரலால் தடவினான். ஒன்றும் இல்லை. கதவில் அடித்திருந்த நம்பர் தகடு பழைய கதவோடு என்றோ மக்கிப் போயிருந்தது. ஆக, எண் என்று இந்த வண்டிக்கு எங்கேயும் எதுவும் இல்லை.

கருவிப் பெட்டியில் எண் அச்சுகள் இருந்தன. சுண்டுவிரல் நீளத்தில் பத்து எஃகுத் துண்டுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் எண். பதிவுப் புத்தகத்தில் இருந்த எண் அவனுக்கு மனப்பாடம். 41170932. எட்டு அடி. எட்டு அடி அடித்து, மேலே கொஞ்சம் கரி பூசிவிட்டால் தீர்ந்தது. நாலை எடுத்தான். இரும்பில் வைத்தான். சுத்தியலை ஓங்கினான்.

ணங்.

"என்னடா சத்தம்?"

அக்கா வந்து சக்கரத்தோரம் குந்தினாள். அச்சைப் பார்த்தாள். இரும்பைப் பார்த்தாள்.

"அழிச்சுட்டியா?"

"தெரியாமக்கா."

"எப்போ?"

"தலை வாரிக்கலாம்னு சொன்னியே. அன்னிக்கு."

அவள் கை நீட்டி அச்சை வாங்கிக்கொண்டாள்.

"இப்ப நீ செய்யறது வண்டித் திருடன் செய்யற வேலைடா."

"வேற வழி இல்லக்கா. இன்னும் ஏழு அடிதான். ஏழே ஏழு."

"வெளிய வா."

வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. அக்காவின் கணவர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தார். அடுத்த தெருவில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். "என்ன, அக்காவும் தம்பியும் வண்டிக்கடியில குடித்தனம் போட்டாச்சா?" என்றார். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

சொன்னார்கள். அவர் மோவாயைச் சொறிந்தார்.

"என் கடைச் சுத்தியல் தெரியுமில்ல மச்சான்? அதுல பழைய ஆளோட பேர் அடிச்சிருந்துது. அரத்தால ராவி எடுத்தேன். ஒரு நாள் அது மேல ஆசிட் கொட்டிடுச்சு. பேர் திரும்பி வந்துடுச்சு."

"திருட்டுச் சுத்தியலா மாமா?"

"இரவல்டா. திருப்பிக் கொடுக்க மறந்த இரவல்." அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார். "ஓங்கி அடிச்ச இடத்துல இரும்பு உள்ளேயும் நசுங்கியிருக்கும். மேல தேய்ச்சாலும் அது போகாது. இரு, வரேன்."

இரண்டேகாலுக்கு பாட்டிலும் பஞ்சுமாக வந்தார். தம்பி மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தான். மாமா குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஆசிட்டில் தொட்டு ஒற்றினார். காத்திருந்து துடைத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி ஒற்றினார். ஒன்றும் இல்லை. புகை கண்ணைக் கரித்தது. அக்கா மணி கேட்கவில்லை. கேட்காமலே மூவருக்கும் தெரிந்திருந்தது.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, வேர்த்த சட்டையில் முதுகெலும்பு தெரிகிற மாதிரி, இரும்பில் ஒரு கோடு தெரிந்தது.

"ஒன்னு!" என்றார் மாமா. "டேய், ஒன்னுடா!"

பிறகு இன்னொரு ஒன்று. ஏழு. பூஜ்யம். ஒன்பது மங்கலாக, மூன்றும் இரண்டும் தெளிவாக. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியாக வந்தது வரிசையின் முதல் எண். நாலு.

அவன் அடித்த நாலுக்கு ஒரு கட்டைவிரல் தள்ளி, நிஜமான நாலு.

மூவரும் எண்ணினார்கள். ஒன்பது எண்.

"அடப்பாவி, அரை மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா!" என்ற மாமா, குரலைத் தாழ்த்தினார். "சரி விடு. அதை மட்டும் தேய்ச்சு எடுத்துடு."

தம்பி கிரைண்டரை எடுத்தான். இரண்டு நாலுக்கும் நடுவே ஒரு விரல் இடம். நுனி கொஞ்சம் வழுக்கினாலும் நிஜமானது போய்விடும்.

"கீழ வை" என்றாள் அக்கா. "நீ தேய்ச்சது போதும்."

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

அதிகாரிக்குக் கண்ணாடி கழுத்தில் தொங்கியது. விளக்கு, பிரேக், ஹாரன் பார்த்தார். பாடி மேல் ஏறி, நடுவில் நின்று ஒரு குதி குதித்தார். சத்தம் வரவில்லை.

"யார் கட்டினது?"

"நான்தான் சார்."

"பிரமாதம்பா."

பிறகு டார்ச்சோடு குனிந்தார். விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இங்க என்ன ஒன்னு கூட இருக்கு?"

"அந்தக் காலத்துல சார்," என்று மாமா ஆரம்பித்தார், "ஃபேக்டரியில கை தவறி ரெண்டு தடவை..."

"அந்தக் காலத்து அடி இப்படி மின்னுமா?" அவர் பேனாவைத் திறந்தார். "வண்டி யார் பேர்ல இருக்கு?"

அக்கா கையைத் தூக்கப் போனாள்.

"நான் அடிச்சேன் சார்" என்றான் தம்பி. "நம்பரை அழிச்சதும் நான்தான். தெரியாம அழிச்சேன். தெரிஞ்சே அடிச்சேன். அக்காவுக்கு ஒன்னும் தெரியாது."

"தெரியும்" என்றாள் அக்கா. "ஒரு அடியோட நான்தான் நிறுத்தினேன்."

அதிகாரி அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். நிறைய நேரம் எழுதினார்.

"இது இப்ப கேஸும்மா. ஆய்வுக்கூடத்துலேருந்து ஆள் வந்து பார்க்கணும். அதுவரைக்கும் வண்டி எங்க வளாகத்துல நிக்கும். தம்பி வந்து வாக்குமூலம் கொடுக்கட்டும்."

"நசுக்கிடுவீங்களா?"

"சாட்சியை எப்படிம்மா நசுக்கறது?"

"எத்தனை நாளாகும்?"

"வந்து பாருங்க. அங்க நிக்கிற வண்டிகளே சொல்லும்." இழுத்துப்போகும் வண்டிக்கு போன் செய்யப் போனார்.

"வேணாம் சார்," என்றாள் அக்கா. "நானே ஓட்டிட்டு வரேன்."

தகட்டை மாட்டாமலே கிளம்பினார்கள். மீதி போல்ட்டுகள் தாங்கும் என்றான் தம்பி. முன்னால் அதிகாரியின் கார் போனது. மாமா பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். நாலு வருடத்தில் வண்டியின் முதல் ஓட்டம் அது. முதல் வளைவில் தம்பி காதைப் பின்பக்கம் திருப்பிக் கேட்டான். பாடி முனகவில்லை. இரண்டாவது வளைவிலும் முனகவில்லை. அக்கா கியரை மெதுவாக மாற்றினாள்.

வளாகத்தில் சில வண்டிகளின் தரையைத் துளைத்துச் செடி முளைத்திருந்தது. ஒன்றின் கதவுக்குள் மரமே நின்றது.

"பலகை வெயில்ல வளையுமாடா?"

"வளையும்க்கா."

அவள் இறங்கவில்லை. பின்னால் எடுத்தாள், முன்னால் வந்தாள், மறுபடி பின்னால் எடுத்தாள். அதிகாரி வாட்ச்சைப் பார்த்தார். பாடி முழுவதும் மதில் நிழலுக்குள் வந்த பிறகுதான் என்ஜினை நிறுத்தினாள்.

காலையில் அந்த நிழல் மதிலுக்கு அந்தப் பக்கம் விழும். அதை அவன் சொல்லவில்லை.