உச்சி மூடாத தொப்பி

ஸ்ரெல்லா தையல் வெண்கட்டியை எடுத்து, பெட்டியில் கிடந்த அண்ணனின் மொட்டைத் தலையில் நெற்றியிலிருந்து உச்சி தாண்டி ஒரு கோடு கிழித்தாள். சுற்றியிருந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதி வரியிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஐயோ மாதாவே! உவளுக்கு என்ன பிடிச்சது?" என்றாள் பக்கத்து வீட்டு இராசாத்தி.

"அளவெடுக்கிறன்" என்றாள் ஸ்ரெல்லா. காதிலிருந்து காதுக்கு இன்னொரு கோடு இழுத்தாள். "உயிரோடை இருக்கேக்கை ஒரு நிமிசம் தலையை ஆட்டாமல் இருந்தவரே? இண்டைக்குத்தான் சொன்னபடி கேக்கிறார்."

யாகோப்புவின் தலை குருநகர் முழுக்கப் பேர்போன தலை. இருபத்தைந்து வயதிலேயே மயிர் கொட்டிப்போய், வெயிலில் கறுத்து மினுங்கி, வள்ளம் தூரத்தில் வரும்போதே கரையிலிருந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பருமனும் அப்படி. எந்தக் கடைத் தொப்பியும் ஏறாது. போன வருஷம் மகன் லியோன் நோர்வேயிலிருந்து ஆர் கையிலோ கொடுத்தனுப்பிய நீலக் கம்பளிச் சட்டை, கழுத்து வழியாக இறங்க மாட்டேன் என்று தலையிலேயே இறுகிக்கொண்டது. மூன்று பேர் பிடித்து இழுத்தார்கள். இந்த வெக்கையில் கம்பளிச் சட்டை என்னத்துக்கு என்று வீடே சிரித்தது. யாகோப்பு மட்டும் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். மகனைக் கண்டு ஏழு வருஷம்.

நோயில் விழுந்த பிறகு, தலை குளிருது, சட்டையைப் பிரித்துத் தொப்பியாகப் பின்னித் தா என்று தங்கச்சியிடம் கேட்டார். யுத்தத்தால் சாமான் வராத பொருளாதாரத் தடைக்காலம். கடையில் பின்னல் ஊசி என்ன, குண்டூசியே இல்லை. ஸ்ரெல்லா அவருடைய பழைய சைக்கிள் சில்லிலிருந்து கம்பிகளைக் கழற்றி, சீமெந்துத் தரையில் முனை தேய்த்து ஊசியாக்கினாள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சிஸ்ரர் படிப்பித்த பின்னல் ஒன்று கைக்கு ஞாபகம் இருந்தது. ஊசியில் கிடக்கும் நூல் வளையங்களில் ஒரு கண்ணைப் பின்னாமல் நூலை அதன் மேல் போர்த்தி விட்டுவிட்டு, அடுத்த சுற்றில் இரண்டையும் சேர்த்துப் பின்னவேண்டும். தடிப்பாக, வரம்பும் பள்ளமுமாக வரும். இழுத்தால் பூசணிக்காய்க்கும் போடலாம், விட்டால் தேங்காய்க்கும் போடலாம். ஆனால் மடத்தில் பின்னியது கழுத்துத்துண்டு. கழுத்துத்துண்டுக்கு உச்சி ஏது?

உச்சி வந்ததும், கடற்கரையில் பிறந்தவளுக்குத் தெரிந்த வழியிலேயே போனாள். வலையில் மீன் சேரும் மடியைக் கட்டுவதுபோல எல்லாக் கண்ணிலும் நூலைக் கோத்து ஒரே இழுவையாக இழுத்து முடிச்சுப் போட்டாள். நடு உச்சியில் கொழுக்கட்டை மாதிரி ஒரு குவியல் எழும்பி நின்றது. யாகோப்பு கண்ணாடியில் பார்த்து, இருமல் வரும்வரை சிரித்தார்.

"எடி பிள்ளை, என்னை வலையிலையெல்லோ பிடிச்சுப் போட்டாய்! பிரி, பிரி. வடிவா மூடித் தா. அதைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து லியோனுக்கு அனுப்போணும். அதுவரைக்கும் நான் போகமாட்டன்."

அவள் உச்சியைப் பிரித்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. சொன்ன சொல் மாறாத மனுஷன் என்று ஊரே சொல்லும். தங்கச்சிக்குச் சொன்ன சொல்லை மட்டும் மாற்றிப்போட்டார். ஸ்ரெல்லாவுக்கு அழுகைக்கு முந்திக் கோபம்தான் வந்தது. இன்றைக்கு மூன்று மணிக்குப் பெட்டி கோயிலுக்குப் போகும். மகன் வர வழியில்லை. மகன் அனுப்பிய நூலாவது அப்பனோடு போகவேண்டும்.

காலையில் அண்ணனின் மனைவி, மச்சாள் மரியநாயகிக்குக் கறுப்புச் சட்டை வெட்டும்போதுதான் அவளுக்கு யோசனை வந்தது. நெஞ்சுப் பக்கம் துணியை ஒரே இடத்தில் சுருக்கினால் குவியும். அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக மடித்துப் பிடித்தால் உடம்போடு படியும். தலைக்கும் அதுதானே? சட்டையை அரைகுறையாக விட்டுவிட்டு வெண்கட்டியோடு ஓடிவந்தாள்.

தலையில் கோடு போட்ட நாலு பக்கத்துக்கும் நேராக, வரம்பு, பள்ளம், வரம்பு மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னினாள். இடையில் ஒரு சுற்றுச் சும்மா விட்டாள். பிறகு மறுபடியும் நாலு பக்கம். வரம்புகள் குலையாமல் உச்சியைப் பார்த்து ஏறின. அடிக்கடி எழும்பிப் போய் அண்ணனின் தலையில் வைத்துப் பார்த்தாள்.

"செத்தவீட்டிலை பின்னிக்கொண்டிருக்கிறாளே!" என்று இராசாத்தி முணுமுணுத்தாள்.

"அழவும் வேணும், பின்னவும் வேணும் மாமி. எனக்கு இரண்டு கைதானே கிடக்கு" என்றாள் ஸ்ரெல்லா.

பங்குத் தந்தையான சுவாமி வந்தார். நிலைமையைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"கோயிலுக்குள்ளை ஆம்பிளையள் தொப்பி போடுறேல்லை. தெரியும்தானே?"

நேற்றிலிருந்து வாயே திறக்காத மரியநாயகி நிமிர்ந்தாள்.

"அதுக்கென்ன சுவாமி? அவர் தலையிலை கட்டின துவாயை வாசலிலை கழட்டிப்போட்டுத்தானே உள்ளுக்கு வாறவர். இதையும் கழட்டுவம். வெளியாலை வந்தாப் போடுவம்." பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். "நீ பின்னு."

இரண்டரை மணிக்கு எட்டுக் கண்கள் மிஞ்சின. அவற்றில் மட்டும் நூலைக் கோத்து, மெதுவாக இழுத்து, உள்பக்கம் முடிந்தாள். குவியலும் இல்லை, ஓட்டையும் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, இரண்டு கையாலும் விரித்துப் போட்டாள். அந்தப் பெரிய தலை, காது வரைக்கும், ஒரு முக்கலும் இல்லாமல் உள்ளே போனது.

"பாத்தியளே அண்ணை" என்றாள்.

கோயில் வாசலில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தீர்த்தம் தெளிக்க வந்த சுவாமி கையை ஓங்கியபடியே நின்றுவிட்டார். யாகோப்புவின் மொட்டைத் தலையில் பளிச்சென்று ஒரு வெள்ளைச் சிலுவை. வெண்கட்டியைத் துடைக்க ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. இராசாத்தி பயபக்தியோடு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மரியநாயகியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நாலுபேர் ஓடிவந்து தாங்கினார்கள். பக்கத்திலிருந்த ஸ்ரெல்லாவுக்கு மட்டும் அது சிரிப்பென்று தெரிந்தது. அவளும் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மரியநாயகி உண்மையாகவே அழத் தொடங்கினாள், நேற்றிலிருந்து முதல் தடவையாக.

சேமக்காலையில், குழிக்குப் பக்கத்தில் பெட்டிக்கு மூடிபோடுமுன் தொப்பியைத் திரும்பப் போட்டுவிட்டார்கள்.

படம் எடுக்க ஊரில் பிலிம் இல்லை. பொழுதுபட முந்தி மரியநாயகி ஒரு கொப்பித்தாளையும் பேனையையும் கொண்டுவந்து வைத்தாள். ஸ்ரெல்லா நடந்ததையெல்லாம் லியோனுக்கு எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"வேறை என்ன எழுத மச்சாள்?"

மரியநாயகி வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொப்பி அளவாயிருந்தது எண்டு எழுது."

ஸ்ரெல்லா எழுதினாள். பெருவிரலில் ஒட்டியிருந்த வெண்கட்டி அந்த வரியின் ஓரத்தில் பதிந்தது. ஊதப் போனவள், அப்படியே தாளை மடித்தாள்.